முகத்திலே சிரிப்பு, முதுகிலே குறிப்பு!

சென்ற திங்கள் ஒரு சிற்றூரில் நமது நாடகம் நடந்தது. திரை விழுந்தது, அரிதாரம் கலைத்தேன், தேநீர் அருந்தலாமெனத் தெருமுனைப் பெட்டிக்கடைக்கு நடந்தேன். நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் தாயொருத்தி, உறக்கக் கண்களோடு அடம்பிடிக்கும் மகனை இடுப்பிலே சுமந்து அங்கே நின்றிருந்தாள். கடை முகப்பிலே சரஞ்சரமாய்த் தொங்கின தின்பண்டப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு சிரிப்பு! குதிக்கும் குரங்கு ஒன்றிலே, கொழுத்த தக்காளி மற்றொன்றிலே! பிள்ளை கை நீட்டினான். தாய் வாங்கினாள், புரட்டினாள், எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த எழுத்துகளை விளக்கொளியிலே உற்று நோக்கினாள், பிறகு என்னிடம் நீட்டினாள்.

"அண்ணா, இதிலே என்ன எழுதியிருக்கிறது?"

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். ஆயினும் ஆங்கிலம் படிப்பேன். "சோடியம் இத்தனை மில்லிகிராம்" என்றேன்.

"சோடியம் என்றால்?"

"உப்பிலே உள்ள பொருளம்மா."

"உப்பா? அதை உப்பு என்று எழுதினால் என்ன?"

மேடையிலே மணிக்கணக்கில் பேசுபவன், அந்த ஒரு கேள்விக்கு முன்னே வாயடைத்து நின்றேன். அன்று சொல்ல முடியாத விடையை இன்று எழுதுகிறேன்.

அந்தத் தாய் எழுத்தறியாதவள் அல்லள். சுவரொட்டியிலே நாடகத்தின் பெயரைப் படித்துவிட்டு வந்தவள். தமிழறிந்தவளைத் தற்குறியாக்கி நிறுத்தியது எது? அந்தப் பொட்டலம்! பொட்டலத்துக்கு அந்தத் துணிவைத் தந்தது எது? சட்டம்! உணவுப் பொட்டலங்களின் மீது அச்சிட வேண்டிய விவரங்கள், ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்கின்றன, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள். பிற மொழிகளையும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லையாம்! தடையில்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. கட்டாயமில்லாத உண்மையை எந்த வணிகர் காசு கொடுத்து அச்சிடுவார்? காசு தமிழனிடம்; கணக்கு மட்டும் அவன் அறியாத மொழியில்! இது வணிகமா, வழிப்பறியா?

"விவரம் தந்திருக்கிறோம், படித்துப் பார்த்து வாங்குவது மக்களின் பொறுப்பு" என்கிறார்கள் ஆலை அதிபர்கள். ஆம், தந்திருக்கிறீர்கள்! முகத்திலே தரவில்லை, முதுகிலே தந்திருக்கிறீர்கள். மொழி தெரிந்தவனுக்கேனும் விளங்குகிறதா? வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். பொட்டலமோ உப்பு என்று சொல்வதில்லை, சோடியம் என்கிறது. அந்தச் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு கிடைக்கும். நூறு கிராமுக்கென அச்சிட்டிருந்தால், அதைப் பொட்டலத்தின் எடைக்கு மாற்ற இன்னொரு கணக்கு. சர்க்கரையின் கிராமைக் கரண்டியாக்க மற்றொரு கணக்கு. அழும் பிள்ளையை இடுப்பிலே வைத்துக்கொண்டு, ஐந்து ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை கணக்கா? கடைவீதி என்ன, தேர்வு மண்டபமா?

எளிய வழி தெரியாதவர்களா ஆட்சியாளர்கள்? தெரியும், தோழர்களே, நன்றாகவே தெரியும்! பொட்டலத்தின் முகத்தை உற்றுப் பாருங்கள். பச்சைப் புள்ளி ஒன்று இருக்கும். சைவ உணவென்பதன் அடையாளம் அது. அசைவ உணவுக்குத் தனி அடையாளம். இந்த ஏற்பாட்டுக்கான விதி 2001-ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. தமிழோ, இந்தியோ, ஆங்கிலமோ வேண்டாம். எழுத்தே அறியாத கிழவியும் ஒரு நொடியில் அறிவாள். தாம் உண்பது இன்னதென அறிய மக்களுக்கு உரிமை உண்டென்பதை ஏற்றுக்கொண்ட செயல் அது. நாம் அதை வெறுக்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: இறைச்சி உண்டா இல்லையா என்று சொல்ல முகத்திலே இடமிருந்தது, சர்க்கரை மிகுதியா இல்லையா என்று சொல்ல மட்டும் இடமில்லையா? ஆசாரத்துக்கு ஒரு புள்ளி. ஆரோக்கியத்துக்கு ஒரு புள்ளியும் இல்லையா?

சிகரெட்டுப் பெட்டியைப் பாருங்கள். அதன் இருபுறத்திலும் 85 விழுக்காட்டுப் பரப்பிலே படத்தோடு எச்சரிக்கை வேண்டுமென்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அங்கே படம், இங்கே பொடியெழுத்து! புகைப்பவன் வளர்ந்தவன், அவனுக்கு எச்சரிக்கை உண்டு. பொட்டலம் தின்பவன் பச்சிளம் பாலகன். அவனுக்கோ குரங்கின் சிரிப்பு!

நடவாத கனவா நாம் கேட்பது? தென் அமெரிக்காவிலே சிலி நாடு செய்து காட்டியிருக்கிறது. 2012-இல் சட்டம் இயற்றி, 2016 ஜூனில் அதைச் செயல்படுத்தியது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை வரம்பு மீறினால், பொட்டலத்தின் முகத்திலே கறுப்பு எண்கோண முத்திரை! "சர்க்கரை அதிகம்" என மக்களின் மொழியிலே சில சொற்கள். கீழே நலத்துறையின் பெயர். முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளியிலே விற்கத் தடை; பிள்ளைகளை மயக்கும் பொம்மைப் படங்களை அதன்மீது அச்சிடத் தடை. விளைவென்ன? முதல் ஒன்றரை ஆண்டிலே, வரம்பு மீறிய பானங்களைக் குடும்பங்கள் வாங்கும் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததென 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முத்திரை மட்டுமே செய்த வேலையன்று அது. தடைகளும் துணை நின்றன. எனினும், முத்திரைக்கு அஞ்சி ஆலைகளே சர்க்கரையைக் குறைத்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள். வாங்குபவன் கண்ணைத் திறந்தால், விற்பவன் கையும் சுருங்கும்!

இங்கே நடந்ததென்ன? 2022-இல் ஆணையம் ஒரு வரைவை வெளியிட்டது. எச்சரிக்கையா தந்தார்கள்? இல்லை, நட்சத்திரம் தந்தார்கள்! அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை! சர்க்கரைக்கும் உப்புக்கும் கழித்த மதிப்பெண்ணை, நார்ச்சத்துக்கும் புரதத்துக்கும் பருப்புக்கும் ஈடுசெய்து தரும் கூட்டல் கழித்தல் அது. கன்னமிட்டவன் கோயிலுக்கு விளக்கேற்றினான், ஆகவே பாதி குற்றம் தள்ளுபடி என்பது போன்ற நீதி! மிக மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரமாவது மின்னுமே! நட்சத்திரம் பரிசின் அடையாளமன்றோ? அபாயத்துக்கா அதைச் சூட்டுவது? வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம், மூன்று திங்களில் பரிந்துரை வேண்டுமெனக் கெடு விதித்தது. அந்தக் கெடுவும் பின்னர் நீட்டிக்கப்பட்டது. தவணை வளர்கிறது, கூடவே நோயும் வளர்கிறது! இந்நாட்டில் நீரிழிவோடு வாழ்வோர் 10 கோடிக்கும் மேல் என 2023-இல் அறிவித்ததே ஒரு பேராய்வு. அதை முன்னின்று நடத்தியது நம் சென்னையிலுள்ள ஆராய்ச்சி நிறுவனமன்றோ?

"நம் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் கறுப்பு முத்திரை விழுமே, மரபு என்னாவது?" என்று மரபின் மீது திடீர்க் காதல் கொண்டவர்கள் கேட்கிறார்கள். பாட்டி சுட்டுப் பேரனுக்கு ஊட்டும் அதிரசத்திலே முத்திரை குத்த எவரும் வரப்போவதில்லை. அடைத்து விற்கும் அதிரசத்திலே சர்க்கரை மிகுதியென்றால், அதையும் சொல்லட்டுமே! உண்மைக்கு உள்ளூர், வெளியூர் உண்டோ? முத்திரை தடையல்ல; தகவல். அறிந்து உண்பவனை நாம் தடுக்கவில்லை. அறியாமல் உண்ண வைப்பவனைத்தான் தடுக்கச் சொல்கிறோம்.

நமது கோரிக்கை மூன்றே. குறிப்பு முதுகிலிருந்து முகத்துக்கு வரட்டும்! நட்சத்திரம் போய் எச்சரிக்கை வரட்டும்! தமிழ்நாட்டிலே விற்கும் பொட்டலம் தமிழிலே பேசட்டும்!

அதுவரை நாம் சும்மா இருப்பதா? தோழர்களே, உங்கள் படிப்பகத்தின் சுவரிலே காலிப் பொட்டலங்களை ஒட்டுங்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கி, "இதில் உப்பு இத்தனை கிராம்" என்று பக்கத்திலே தமிழில் எழுதுங்கள். சர்க்கரையை நான்கால் வகுத்து, "இதில் சர்க்கரை ஏறத்தாழ இத்தனை தேக்கரண்டி" என்று எழுதுங்கள். அரசு செய்ய மறந்ததை ஒரு கரித்துண்டு செய்யும்!

அடுத்த முறை அந்த ஊருக்கு நாடகம் போடப் போவேன். அந்தத் தாய் மீண்டும் வருவாள். "உப்பை உப்பு என்று எழுதினால் என்ன?" என்று கேட்டவளுக்கு, "எழுதியாயிற்று அம்மா, படித்துப் பாருங்கள்!" என்று உங்கள் படிப்பகச் சுவரை நான் காட்ட வேண்டும். காட்ட வைப்பீர்களா?