தொட்டியில் ஒரு பச்சை

மீன் தொட்டி வாங்கும் நம்மவர்களில் பலர் பிளாஸ்டிக் செடியோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். வெயில் எட்டாத அடுக்குமாடி வீட்டில் உயிருள்ள செடி பிழைக்காது என்பது அவர்கள் வாதம். நான் ஒப்பமாட்டேன். கடைகளில் ‘ஜாவா ஃபெர்ன்’ என்று கேளுங்கள். அதற்குக் குறைந்த வெளிச்சமே போதும், மண்ணும் வேண்டாம். படுத்தவாக்கில் வளரும் அதன் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டினால் ஓரிரு மாதங்களில் வேர் பற்றிக்கொள்ளும். முதிர்ந்த இலைகளில் குட்டிச் செடிகள் முளைக்கும். மிஞ்சியதை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். ஏரி, குளத்தில் மட்டும் எறியாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை மூடிய கதை போதாதா? செடி வளர்க்கப் பழகும் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.