பரேலில் கிடைத்த ரத்தம்

நவீன அறிவியலின் மைல்கற்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் பென்சிலினும் டிரான்சிஸ்டரும் முன்னால் வந்துவிடும். மும்பையில், மாட்டுங்காவிலிருந்து இரண்டே ஸ்டேஷன் தள்ளி, பரேலில் நடந்த ஒரு கண்டுபிடிப்பை அந்தப் பட்டியல்களில் நான் பார்த்ததில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

ரத்தத்தில் வகைகள் உண்டு என்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் காட்டினார். அதன்பின் ஓ வகை ரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம் என்ற நம்பிக்கை மருத்துவத்தில் ஊன்றிப்போனது. 1952-இல் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய சகாக்களும் அன்றைய பம்பாயின் பரேலில் அந்த நம்பிக்கைக்கு அடங்காத ரத்தத்தைக் கண்டார்கள். பார்த்தால் ஓ மாதிரி. ஆனால் ஓ வகை ரத்தத்தோடு சேர்த்தாலே கட்டிதட்டியது. லண்டன் நிபுணர்களும் சேர்ந்து ஆராய, அதே ஆண்டு 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. இன்று உலகம் முழுக்க அதற்கு பம்பாய் வகை என்றே பெயர்.

காரணம் இதுதான். சிவப்பணுவின் மேல் 'ஹெச்' என்றொரு பொருள் இருக்கிறது. அதன்மேல் ஒரு சர்க்கரை ஒட்டினால் ஏ, வேறொன்று ஒட்டினால் பி, எதுவும் ஒட்டாவிட்டால் ஓ. பம்பாய் வகைக்காரருக்கு அந்த ஹெச்சே கிடையாது. அதனால் ஹெச் உள்ள எந்த ரத்தத்தையும், ஓ உட்பட, அவர் உடம்பு எதிரியாகப் பார்க்கும். தெரியாமல் ஏற்றினால் உயிரே போகலாம். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர் இப்படி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர்.

மும்பைத் தமிழர்களான நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதற்குத் தனிக் காரணம் உண்டு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு ஹெச் இல்லாமல் போகும். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொடுக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் மூன்று தலைமுறையாக வாழும் வீடுகளிலும், செம்பூர் வீடுகளிலும் அப்படிப்பட்ட சம்பந்தங்கள் எத்தனை!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பம்பாய் வகைத் தாயிடம் பி மரபணு வெளியே தெரியாமல் இருக்கலாம். அவள் ரத்த வகைக் கார்டில் ஓ, கணவன் கார்டிலும் ஓ, பிள்ளைக்கு மட்டும் பி. பாடப்புத்தகத்தை அரைகுறையாகப் படித்தவர்கள் அந்தப் பெண்ணை என்ன பேசுவார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அவள் மேல் பழியே இல்லை என்று சொல்ல பரேலில் பிறந்த இந்த அறிவு போதும்.

ரத்த வங்கிகளில் அணுக்களோடு சீரத்தையும் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியையும்) ஓ அணுக்களோடு சேர்த்துச் சோதித்தால் இது பிடிபட்டுவிடும். முகாம்களில் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து எழுதித் தரும் கார்டில் பிடிபடாது. ஓ என்றுதான் வரும். லைசென்ஸிலும் அதுவே ஏறிவிடும். விபத்தில் அடிபட்டு வந்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். சரியான வகை தெரிந்தாலும், எடுத்த ரத்தத்தை 35 முதல் 42 நாள் வரைதான் சாதாரணமாக வைத்திருக்கலாம். அதனால் இந்த வகையை மொத்தமாகச் சேமித்து வைக்க வழியில்லை. கொடுக்கக்கூடியவர்களின் பட்டியல் கையில் இருக்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் ஊர்விட்டு ஊர் போய்க் கொடுக்கிறார்.

உங்கள் கார்டில் ஓ என்று இருந்தால், அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது சீரம் சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு பம்பாய் வகை என்று தெரிந்தால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உடன்பிறந்தவர்களிடம் அது இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.