பொதுக்காணியில் ஒரு கொல்ஃப் ஆட்டம்

எங்கட சனத்திடம் "கொல்ஃப் விளையாடப் போறன்" என்று சொன்னால் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, "என்ன அண்ணை, லொத்தர் விழுந்திட்டுதோ?" மற்றது, "உது வெள்ளைக்காரன்ர விளையாட்டெல்லோ?" இரண்டையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவர்களில் பிழையில்லை. எங்களுக்குத் தெரிந்த கொல்ஃப் அப்படிப்பட்டதுதான். நுவரெலியாவில் 1889இல் ஒரு கொல்ஃப் கழகம் தொடங்கினார்கள். அது துரைமாரின் பொழுதுபோக்கு. அங்கே ஒருவன் பந்தை அடிப்பான், இன்னொருவன் பையைச் சுமப்பான். பை சுமந்தவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் புல்வெளி வேறு மாதிரித்தான் தெரியும்.

ஆனால் நான் விளையாடுவது அந்தக் கொல்ஃப் அல்ல. ரொறன்ரோ மாநகரசபையிடம் ஐந்து கொல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. அங்கத்துவம், சிபார்சுக் கடிதம் ஒன்றும் தேவையில்லை. காசைக் கட்டினால் யாரும் ஆடலாம். அதில் ஒன்று டென்டோனியா பார்க். விக்ரோறியா பார்க் சப்வே நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய மட்டைகளைத் தோளில் கொழுவிக்கொண்டு நான் ரயிலில்தான் போவேன். மொத்தம் 18 குழிகள். எல்லாம் குறுகிய தூரம், ஒவ்வொன்றையும் மூன்று அடியில் முடிக்கவேண்டும் என்பது கணக்கு. ஆக 54 அடி. நான் ஒருநாளும் 80க்குக் கீழே வந்ததில்லை. சின்ன வயதில் கிட்டி அடித்த கைக்கு இது பெரிய வித்தையில்லை என்று நினைப்பீர்கள். கிட்டிப்புள் பறந்து வரும், அடிக்கலாம். இந்தப் பந்து அசையாமல் கிடந்தே ஆளைப் பேய்க்காட்டும்.

தனியாகப் போனால் அங்கே நிற்பவர் உங்களை வேறு இரண்டு மூன்று பேருடன் சேர்த்துவிடுவார். பணம், படிப்பு, நிறம் பார்த்துச் சேர்ப்பதில்லை. யார் வரிசையில் நிற்கிறார்களோ அவர்கள்தான். இரவு வேலை முடித்து வந்த நான், ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், பக்கத்து அடுக்குமாடியிலிருந்து வந்த வங்காளதேசப் பெடியன் ஒருவன் என்று ஒருமுறை ஆடினோம். மூன்று மணிநேரம் ஒன்றாக நடந்தோம். இந்த நாட்டில் இத்தனை வருடமாக இருக்கிறேன், வேலைத்தலத்துக்கு வெளியே முன்பின் தெரியாத ஒருவர் என்னுடன் மூன்று மணிநேரம் கதைத்தது வேறெங்கே நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

இன்னொரு விசயம்தான் எனக்கு முக்கியம். இந்த விளையாட்டில் மத்தியஸ்தர் பின்னால் வருவதில்லை. சாதாரண ஆட்டத்தில் உங்கள் அடிகளை நீங்களே எண்ணி நீங்களே காட்டில் எழுதவேண்டும். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பொபி ஜோன்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர், தன் பந்து இலேசாக அசைந்துவிட்டது என்று தானாகவே சொல்லி ஓர் அடியைத் தன் கணக்கில் கூட்டிக்கொண்டார். கடைசியில் அந்தக் கிண்ணம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அகதியாக வந்தவனுக்கு இதன் அருமை வேறு. என் ஊரின் பெயர், பிறந்த திகதி, முதுகில் உள்ள தழும்பு, எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்ட விசாரணை அறையில் இருந்தவன் நான். அதே நான் எட்டாவது குழியில் "ஏழு" என்கிறேன். பக்கத்தில் நிற்பவர் தலையை ஆட்டி "ஏழு" என்று எழுதுகிறார். அவ்வளவுதான்.

2021இல் மாநகரசபை இந்த ஐந்து மைதானங்களையும் என்ன செய்யலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்டது. கொல்ஃப் எதற்கு, பூங்காவாக்குங்கள், மரக்கறித் தோட்டம் போடுங்கள் என்றவர்கள் இருந்தார்கள். அவர்களின் வாதத்தை இலேசாகத் தள்ளமுடியாது. பொதுக்காணியில் காசு கட்டியவன் மட்டும் நடப்பது நியாயமா? ஒன்ராறியோவில் 2009இல் புல்வெளிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பதைத் தடைசெய்தபோது கொல்ஃப் மைதானங்களுக்கு நிபந்தனையோடு விலக்குக் கொடுத்தார்களே, அது சரியா? நல்ல கேள்விகள்.

ஆனால் வீடு கட்டலாம் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இந்த ஐந்தும் ஆறோ ஓடையோ ஓடும் பள்ளத்தாக்குகள். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி வந்து 81 பேரைக் கொண்டுபோன பிறகுதான் இப்படியான தாழ்நிலங்களில் வீடு கட்டுவதைத் தடுத்தார்கள். வெள்ளம் வந்தால் புல் தாங்கும், மனிசர் தாங்கமாட்டார்கள்.

மற்றவர்களுக்கு என் பதில் ஸ்கொட்லாந்தில் இருக்கிறது. சென் அன்ட்ரூஸ் ஊரின் பழைய மைதானம் இன்றும் பொதுக்காணி. அங்கே கொல்ஃபும் உதைபந்தும் ஆடுவதற்கு ஊர்ச்சனத்துக்கு உள்ள உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றே ஏற்றுக்கொள்கிறது. துரைமார் கையில் போவதற்கு முன்னால் இது ஊராரின் விளையாட்டு. இப்போதும் வழமையான ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை. சனம் பிள்ளைகளோடும் நாய்களோடும் அந்தப் புல்லில் நடந்து திரிகிறது. உலகத்திலேயே பேர்பெற்ற மைதானத்துக்கு அது முடியுமென்றால் டென்டோனியாவுக்கு ஏன் முடியாது? கிழமையில் ஒருநாள் வாசலைத் திறந்துவிடுங்கள். மிச்ச நாட்களில் ஆடவிடுங்கள்.

பணக்காரனுக்குத் தனியார் கழகங்கள் இருக்கின்றன. பொது மைதானத்தை மூடினால் அவனுக்கு ஒரு அடியும் குறையாது. குறைவது பஸ் சாரதிக்கும் வங்காளப் பெடியனுக்கும் எனக்கும்தான். சபை கருத்துக் கேட்கும்போது எங்கட சனம் "உது எங்களுக்கில்லை" என்று பேசாமல் இருக்கிறது. அதுதான் எனக்குக் கோபம். நீங்கள் கொல்ஃப் மட்டையைத் தொடாதவராக இருக்கலாம். ஆனால் அந்தக் காணிக்கு வரி கட்டுபவர்களில் நீங்களும் ஒருவர். அடுத்தமுறை கேட்டால் போய் வாயைத் திறவுங்கள். பூங்கா வேண்டும் என்று சொன்னாலும் பரவாயில்லை. உங்கள் காணி என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.