நிற்கும் கால்களுக்கு ஓர் இருக்கை



திருமணத்திற்குப் பட்டு எடுக்கவும் பண்டிகைக்குப் புத்தாடை வாங்கவும் நாம் குடும்பமாகத் துணிக்கடைக்குச் செல்வது வழக்கம். நமக்கு இருக்கை தரப்படுகிறது. குடிக்கத் தண்ணீரும் வருகிறது. எதிரில் நிற்கும் பெண் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுகிறாள். நாம் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்ததும், மற்றவற்றை எல்லாம் மடித்து அடுக்குகிறாள். அடுத்த குடும்பம் வந்து அமர்கிறது. அவள் மட்டும் அமர்வதில்லை.

நம் வீட்டுப் பெண் வேலைக்குச் செல்கிறாள் என்றால், நாம் முதலில் கேட்பது, "சம்பளம் எவ்வளவு?" என்பதே. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேள்வி அதோடு நின்றுவிடலாகாது. அங்கே உட்கார இடம் உண்டா? கழிப்பறை உண்டா? உணவருந்த நேரம் உண்டா? வார விடுமுறைக்குச் சம்பளம் பிடிக்கிறார்களா? நல்ல வேலை எது என்பதைக் கூலியோடு இவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

நிற்பதில் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். காலுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் இதயத்திற்கு ஏறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி அதனை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்பவருக்கு இவ்வுதவி குறைகிறது, இரத்தம் காலில் தேங்குகிறது, பாதம் வீங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல நாளங்கள் புடைத்துச் சுருண்டு வலி தருகின்றன. கழிப்பறை இல்லாத கடையிலோ, பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. ஈட்டும் சிறு கூலியில் ஒரு பங்கு மருந்துக்குப் போய்விடுகிறது.

இக்குறையை உலகம் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. கடைகளில் மூன்று பெண் பணியாளருக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்று இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. நின்று வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு வசதி வேண்டும் என்று நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் விதித்தது. ஆனால் அது ஆலைத் தொழிலாளருக்கானது. கடைத்தெருப் பெண்கள் அதற்குப் பின்னும் நின்றுகொண்டே இருந்தனர்.

அவர்களுக்கு விடிவு தேடித் தந்தவர்கள் அவர்களைப் போன்ற தொழிலாளப் பெண்களே. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்னும் தையல் தொழிலாளியும் அவருடைய தோழியரும் 'பெண்கூட்டு' என்ற பெயரில் ஒன்றுகூடினர். முதலில் கழிப்பறைக்காகவும், பின்னர் அமரும் உரிமைக்காகவும் குரல் கொடுத்தனர். பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றமும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. கடைப் பணியாளர் அனைவருக்கும் தக்க இருக்கை வேண்டும் என்பதே அதன் சாரம்.

சட்டம் வந்துவிட்டது, நாற்காலி எல்லாக் கடைக்கும் வந்துவிட்டதா? சில இடங்களில் முக்காலி இருக்கும். அதில் அமரும் துணிவு எவருக்கும் இராது. "பணியாள் உட்கார்ந்திருந்தால், வாடிக்கையாளர் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்" என்பது கடைக்காரர் சொல்லும் காரணம். அந்த வாடிக்கையாளர் யார்? நாம்தாம். நம் பெயரைச் சொல்லியே அந்தப் பெண் நிறுத்தி வைக்கப்படுகிறாள்.

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல் நியாயமான கூலியைப் பற்றி மட்டும் பேசவில்லை. உடல் தாங்கும் அளவுக்கு மேல் ஒருவரையும் வேலை வாங்கலாகாது என்பதையும் அது வலியுறுத்தியது. உழைப்பவர் மனிதர், அவருக்கு உடலும் உண்டு, ஆன்மாவும் உண்டு என்பதே அப்போதனையின் வேர்.

ஆகவே, பண்டிகைக் காலம் நெருங்கும்போது சிலவற்றை மனத்தில் கொள்வோம். கடைக்குள் நுழைகையில் பணிப்பெண் அமர்ந்திருக்கக் கண்டால் முகம் சுளிக்க வேண்டாம். இருக்கையே இல்லையெனில், முதலாளியிடம் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேட்போம். கடை அடைக்கும் நேரத்தில் போய் இன்னும் பத்துச் சேலை காட்டச் சொல்வதைத் தவிர்ப்போம். அவளுக்கும் கடைசிப் பேருந்து உண்டு.

கடை நடத்தும் நம் பங்குமக்களுக்கு ஒரு சொல்: இருக்கையைக் கிடங்கில் போடாதீர்கள், விற்பனை மேசைக்கு அருகிலேயே போடுங்கள். "ஆள் இல்லாத வேளையில் உட்காரம்மா" என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். முதலாளி சொன்னால்தான் மேற்பார்வையாளர் அதட்டமாட்டார். ஒரு நாற்காலியின் விலை, நீங்கள் விற்கும் ஒரு பட்டுச் சேலையின் விலைகூட இராது. அதில் அமரப்போகிறவளோ, ஞாயிறுதோறும் உங்களோடு ஒரே ஆலயத்தில் முழந்தாளிடும் ஒருவரின் மகளாகவும் இருக்கக்கூடும்.