வனம் பற்றிய தீர்மானத்தில் பிரஜைகளின் பங்கு

பினாங்குவாசிகளாகிய நமக்குக் காடு என்பது எங்கோ தொலைவில் இருக்கும் வஸ்து அன்று. பினாங்கு மலை எனப்படும் கொடிமலைத் தொடரின் ஓடைகள் நம் வீட்டுக் குழாய்களுக்கு நீர் தருகின்றன. தைப்பூசத்தன்று நாம் படியேறித் தொழும் தண்ணீர்மலை அந்த வனத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. மலைச்சரிவுக்கு அபாயம் நேர்ந்தால் மனித உயிருக்கும் நேரும் என்பதை, 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டபோது கண்கூடாகக் கண்டோம். இவ்வளவு நெருங்கிய உறவுள்ள மலையை என்ன செய்வது என்ற ஆலோசனையில் நமக்கு முதலிலிருந்தே இடம் வேண்டும் என்று கேட்பது எவ்வகையில் அதிகப்பிரசங்கித்தனமாகும்?

1990 செப்டம்பரில், அன்றைய மாநில அரசு கொடிமலையில் ஹோட்டல்களும் கோல்ஃப் மைதானமும் கேபிள் காரும் அமைக்கும் பெருந்திட்டத்திற்காக ஒரு தனியார் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலிருந்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும், சகாபாத் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும், இயற்கை ஆர்வலர்களும் பினாங்கு மலை நண்பர்கள் என ஒன்றுகூடிப் பல்லாயிரம் கையெழுத்துகளைத் திரட்டினர். அவர்கள் கோஷத்தோடு நின்றுவிடவில்லை. நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையை நுணுகி ஆராய்ந்து, அதன் குறைகளைக் காட்டும் மறுப்பறிக்கை ஒன்றையும் பிரசுரித்தனர். அடுத்த ஆண்டே சுற்றுச்சூழல் இலாகா அத்திட்ட அறிக்கையை நிராகரித்தது. சாமானியர்களுக்கு நிபுணத்துவம் இல்லை, அவர்களைக் கேட்டால் காலதாமதமே மிஞ்சும் என்று சொல்வோர் இந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். 2021-இல் யுனெஸ்கோ 12,481 ஹெக்டேர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தபோது, அங்கீகரிப்பதற்கு ஒரு வனம் மிஞ்சியிருந்தது அந்தச் சாமானியர்களின் விடாமுயற்சியால்தான்.

ஆயினும் அபிப்பிராயம் கேட்கப்பட்டதனாலேயே அது மதிக்கப்பட்டதாகிவிடாது. சிலாங்கூரில், 2020-இல், கோலலங்காட் வடக்குக் காப்புக்காட்டின் பெரும்பகுதியைக் காப்புநிலையிலிருந்து விடுவிக்கும் யோசனையை எதிர்த்து, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தெமுவான் பூர்வகுடியினர் உட்பட 45,000-க்கும் மேற்பட்டோர் ஆட்சேபம் தெரிவித்தனர். அதன் பின்னரும் 500 ஹெக்டேருக்கு மேல் விடுவிக்கப்பட்ட செய்தி 2021 ஆகஸ்டில் வெளிவந்து, பொதுஜனங்கள் கொதித்தெழுந்த பிறகே செப்டம்பரில் அம்முடிவு ரத்தாயிற்று. இந்தியாவில், ஒடிசாவின் நியம்கிரி மலையிலோ, சுரங்கம் தோண்டலாமா என்ற தீர்மானத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2013-இல் கிராம சபைகளிடமே ஒப்படைத்தது. 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. சம்மதம் என்பதற்கு அங்கே அர்த்தம் இருந்தது.

1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தை 2022-இல் நம் நாடாளுமன்றம் திருத்தியது. நிரந்தரக் காப்புக்காட்டை விடுவிக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும், ஈடாக வேறு நிலத்தைக் காப்புக்காடாக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல திருத்தந்தான். ஆனால் நிலமும் வனமும் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவையாதலால் ஒவ்வொரு மாநிலமும் அதனை ஏற்றாக வேண்டும். அன்றியும், காட்டை அடியோடு இழக்கப்போகும் தறுவாயில் மட்டுமே இந்த விசாரணை நிகழும். மலைப்பாதையை அகலமாக்குவது, ஒரு நாளில் எத்தனை பேரை மலையேற அனுமதிப்பது, தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குக் கேபிள் கார் விடுவது போன்ற காரியங்களில் காடு காடாகவே பதிவேட்டில் இருக்கும். அதன் ஜீவன் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டிருக்கும்.

ஆகவே மாநில அரசிடம் நான் வேண்டுவது இதுதான். வரைபடம் முடிவாவதற்கு முன்பே, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, திட்டத்தின் சுருக்கத்தை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் வெளியிட்டு, ஆயிர் ஈத்தாமிலும் பாலிக் பூலாவிலும் தெலுக் பஹாங்கிலும், உழைப்பாளிகள் வரக்கூடிய மாலை வேளையில் கூட்டம் நடத்தட்டும். மூன்று மாத அவகாசம் தரட்டும். வந்த ஆட்சேபங்களுள் எதை ஏற்றார்கள், எதை எக்காரணத்தால் தள்ளினார்கள் என்பதை அதிகாரிகள் எழுத்தில் பிரசுரிக்கட்டும். அந்தப் பதில் வெளிவரும்வரை மலையில் ஒரு மரமும் வெட்டப்படாதிருக்கட்டும்.