கருப்பட்டி நாலு துண்டு

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. கணினிக்கு மட்டும் அது இன்னும் ஒரு சொல்லாகத் தெரியவில்லை!

கடைக் கணக்கை டைப் செய்து, பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லெழுத்தைக் குறிக்கும் 'டபிள்யூ'வைக் கொடுத்துத் தேடினால், 'கருப்பட்டி' என்பது கர, ப, பட, ட என்று வருகிறது. துணைக்குறியும் புள்ளியும் அதற்கு எழுத்தே இல்லையாம். பிழைச் செய்தியும் வராது. கிலோவும் ரூபாயும் எண்கள், ஒழுங்காக வந்துவிடும். கூட்டுத்தொகை பொருந்துவதால் சரக்குப் பெயர் சிதைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். மின்னஞ்சல் முகவரியை மட்டுமே உதாரணமாகக் காட்டிப் பாடம் நடத்தினால் இப்படித்தான்...

யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம். அந்த வரம்பையே தேடச் சொன்னால் சொல் முழுசாக வரும். அந்த விதியை நிரல் முழுக்க ஒட்டி வைக்காமல் சரக்கு, எடை, விலை மூன்றையும் வைத்திருக்கும் கிளாசுக்குள் போடுவதே புத்திசாலித்தனம். நாளை 'சில்லுக் கருப்பட்டி' என்று நடுவில் இடைவெளியோடு ஒரு சரக்கு வந்தாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.