குடிநோய்க்குக் கயிறு மருந்தா?

குடியையும் அபினையும் விடமுடியாமல் தவிக்கிற மனிதனைப் பற்றி நம் ஜனங்களுக்குள் இரண்டுவித அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. ஒன்று, அது அவன் பூர்வஜென்ம பாவம், தலையெழுத்து என்பது. மற்றொன்று, அவன் மானங்கெட்டவன், மனம் வைத்தால் இன்றைக்கே விட்டுவிடலாம் என்பது. முதல் கூட்டத்தார் அவனைக் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கையில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குகிறார்கள். இரண்டாவது கூட்டத்தார் அடித்து அறையில் பூட்டுகிறார்கள். வைத்தியரிடம் மாத்திரம் இருவரும் போவதில்லை.

இதன் பலன் என்ன? பல வருஷம் விடாமல் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளைக்குள் கை நடுங்கும்; சிலருக்கு வலிப்பு வரும்; இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். சாராயத்துக்குப் பழகிப்போன மூளை, அது நின்றவுடன் நிலைகொள்ளாமல் துடிப்பதே இதற்குக் காரணம். ஆஸ்பத்திரியில் மூளையை அமைதிப்படுத்தும் மருந்தும் பி-1 வைட்டமினும் கொடுத்துக் கவனித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளுவான். வீட்டில் போட்டுவைத்தால் உயிரே போகலாம். நம்மவர்களோ இதைச் "சாமி குத்தம்", "பேய் பிடித்துவிட்டது" என்கிறார்கள். பூசாரிக்கு மற்றொரு வரும்படி!

"கயிறு கட்டி விட்டவர்கள் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறார்கள். விடச்செய்தது அவர்களுடைய உறுதியும் ஊரார் முன் கொடுத்த வார்த்தையுமே தவிர கயிறல்ல. கயிற்றுக்குச் சக்தியிருந்தால், அதை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கடைக்குப் போகிறவனை அது ஏன் தடுக்கவில்லை?

உறுதி ஒன்றே போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வியட்நாம் யுத்தத்திலிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தார்கள். 1971-ல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் ஆராய்ந்தார். அடிமைப்பட்டிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் வருஷத்தில் மறுபடி அடிமைப்படவில்லை. அவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் மனவுறுதி முளைத்துவிட்டதா? யுத்தமும் பயமும் மலிவான சரக்கும் அவர்களை விட்டு நீங்கின. ஆகவே மனிதனை மாத்திரம் குற்றம் சொல்லி, அவன் வாழும் நிலைமையை மறைப்பது அறிவுடைமையாகாது.

1960-களில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற வைத்தியர்கள் ஹெராயின் நோயாளிகளுக்கு மெத்தடோன் கொடுத்து வேலைக்குத் திரும்பச் செய்தார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று ஒழுக்கவாதிகள் கூச்சலிட்டார்கள். 2005-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்துவிட்டது.

2003 முதல் நம் மாகாணத்தில் மதுவைச் சில்லறையில் விற்பதும் சர்க்காரே. விற்கிற கைக்கு வைத்தியம் செய்யும் கடமையில்லையா? தாலுகா ஆஸ்பத்திரிதோறும் இதற்குப் படுக்கையும் பயின்ற வைத்தியரும் வேண்டும். திரும்பியவனுக்கு வேலையும் மரியாதையும் வேண்டும்.

விட்டவன் மறுபடி குடித்துவிட்டால் துரத்துகிறோம். நீரிழிவுக்காரனுக்கு மறுபடி சர்க்கரை ஏறினால் துரத்துகிறோமா என்று கேட்கின்றோம்.